உள்ளே வந்த வழி, வெளியே போன வழி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அதிகாரி. ஒரு கடையில் திருட்டு நடந்திருக்கிறது, கடைக்காரர் கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார், அதை வைத்தே கிளெய்மை முடித்துவிடலாமா, நேரில் போய்த்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தார். ‘போய்ப் பாருங்கள்’ என்று நான் இரண்டு சொல்லில் பதில் போட்டேன். ஏன் மேடம் என்று திரும்பக் கேட்டார். அதற்கு இரண்டு சொல் போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புதுச்சேரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். துறைத் தேர்வு எழுதி உதவியாளர் ஆகி, பிறகு அதிகாரி ஆகி, கடைசிப் பத்தொன்பது வருடங்கள் வில்லியனூர் கிளையில் கிளெய்ம் பார்த்தேன். பயிற்சிக்கு ஆறு வாரம் சென்னைக்கு அனுப்பினார்கள். தீக்கு ஒரு வாரம், கப்பல் சரக்குக்கு ஒரு வாரம், வண்டிகளுக்கு இரண்டு வாரம். கடை உடைப்புக்கு அரை நாள், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அந்த அரை நாள் பாடத்தைத்தான் மிச்ச வேலைக்காலம் முழுக்கப் படித்தேன்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் எங்களிடம் பாலிசி எடுத்தவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். நெல் மில், உரக்கடை, சிமெண்ட் ஏஜென்சி, தையல் யூனிட், பம்ப்செட் பட்டறை. பேங்கில் கடன் கொடுக்கும்போது எடுக்கச் சொல்வார்கள், எடுப்பார்கள். பாலிசிக் காகிதம் பீரோவுக்குள் போய்விடும். அவர்களுக்குத் திருட்டு என்றால் திருட்டு. பொருள் போச்சு, பணம் கொடு. எங்கள் காகிதத்தில் அது அப்படி இல்லை. பூட்டையோ சுவரையோ உடைத்துத் திருடினால் ஒரு கணக்கு. திறந்து கிடந்த கடையில் எவனோ எடுத்துக்கொண்டு போனால் அது இந்தப் பாலிசியில் வராது. கடையில் வேலை செய்கிற ஆளே எடுத்தால் அதுவும் வராது. அதற்கு வேறு பாலிசி இருக்கிறது, ஃபிடிலிட்டி என்று பெயர். ஊழியர் நாணயத்துக்கான காப்பீடு. இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள வேலியைத்தான் நான் கடைசிவரை காவல் காத்தேன்.

முதலில் அதைப் புரியவைத்தவர் பாகூரில் தையல் யூனிட் வைத்திருந்த அமுதவல்லி. ஆறு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் காது குத்து. எல்லாப் பெண்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். கதவைச் சாத்தினார்கள், பூட்டவில்லை. திரும்பி வந்தபோது துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இரண்டு இல்லை. உடைப்பு இல்லாததால் கிளெய்ம் இல்லை என்று நான்தான் கடிதம் அடித்தேன். அவர் பாலிசியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்து, எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்றார். ஆங்கிலத்தில் இருந்த வரியைக் காட்டித் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத அன்னிக்கே படிச்சிக் காமிச்சிருந்தா நான் கதவப் பூட்டிக்கினு போயிருப்பனே மேடம்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து பாலிசி கொடுக்கும்போதே எதிரில் உட்காரவைத்து, எது வரும், எது வராது என்று வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பாலிசிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கிளையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஏஜெண்டுகள் என்னிடம் ஆட்களை அனுப்ப யோசித்தார்கள். எனக்கு இரவில் தூக்கம் வந்தது.

என் மேலதிகாரி வேதமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுச்சேரி கோட்ட அலுவலகத்தில் கிளெய்ம் மேலாளர். எங்களுக்கெல்லாம் சட்டைப் பையில் பேனா இருக்கும். அவருக்கு அளவு டேப் இருக்கும். இரும்பு டேப், வட்டமாக. உட்காரும்போது மேசையில் இடிக்கும், எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பு எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரிக்கவேண்டும். முதல் பத்தியில் நான் பார்த்தது. இரண்டாவதில் நான் கேட்டது. மூன்றாவதில் நான் நினைப்பது. ஒரு பத்தியில் இருக்கவேண்டியது இன்னொன்றில் இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புவார். திட்ட மாட்டார். அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். ‘பூட்டு நல்ல நிலையில் இருந்தது’ என்று நான் முதல் பத்தியில் எழுதியதற்குக் கோடு வந்தது. போன் செய்து கேட்டேன். சாவி போட்டுத் திறந்து பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன். அப்போ அது மூணாவது பத்திம்மா என்றார்.

செலியமேட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கடைக்கு அவர் என்னோடு வந்தார். பின்பக்க ஜன்னல் கம்பியை வளைத்து நாற்பது மூட்டைத் தீவனத்தை எடுத்துப் போய்விட்டதாகக் கிளெய்ம். கம்பி வளைந்துதான் இருந்தது. நான் சுறுசுறுப்பாகப் படம் எடுத்தேன். சார் டேப்பை நீட்டி இடைவெளியை அளந்தார். பிறகு கடையில் இருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு மூட்டையை அந்த வழியாக வெளியே கொடுங்கப்பா, எப்படி போச்சுன்னு படம் எடுத்துக்கணும் என்று மரியாதையாகக் கேட்டார். அவர்கள் நேராக வைத்துத் தள்ளினார்கள், சாய்த்துத் தள்ளினார்கள், குப்புற வைத்துத் தள்ளினார்கள். மூட்டை ஜன்னலுக்குப் பாதியில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றது. சார் ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார். கடைக்காரர் காப்பி வாங்கிவரச் சொன்னார். காப்பி வந்தது, குடித்தோம். காப்பி முடிந்ததும் கிளெய்மைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் வழியில் ஜீப்பில் சார் சிரிப்பார் என்று பார்த்தேன். அந்த மூட்டையை எப்படி எடுப்பாங்க, கம்பியை வெட்டணும் பாவம் என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

உறுவையாறு ரோட்டு வளைவில் தணிகாசலம் என்பவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். புதுச்சேரியில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து, மில் மூடியதும் வந்த பணத்தில் ஆரம்பித்த பட்டறை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்கு உள்ளே இருக்கும் தாமிரக் கம்பியைப் பிரித்து எடுத்துப் புதுக் கம்பி சுற்றித் தருவது வேலை. காயில் கட்டுவது என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கரும்பும் போட்டவர்கள் எல்லாருக்கும் அவர்தான் டாக்டர். நவரைப் பட்டத்தில் மோட்டார் எரிந்தால், இரண்டு நாளில் பயிர் முகம் மாறிவிடும். அவர் வாசலில் ஆள் நின்றுகொண்டே இருக்கும்.

காயில் கட்டுவது உண்மையில் அவர் இல்லை, ஸ்டெல்லா. ஊரிலேயே இருந்த பெண். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் பெற்றபிறகு வேலைக்கு வந்து, பதினோரு வருடமாக அங்கே இருந்தார். மெலிந்த விரல். ஒரு மோட்டாரைக் கையால் தட்டிப் பார்த்தே எந்தச் சுற்றில் எரிந்திருக்கிறது என்று சொல்வார். பட்டறைக்கு இரண்டு சாவி. ஒன்று தணிகாசலத்திடம், இன்னொன்று ஸ்டெல்லாவிடம்.

பாலிசி நான் போட்டுக் கொடுத்ததுதான். வழக்கம்போல உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கடையில் இருப்பதில் பாதிக்கு மேல் என் பொருளே இல்லை மேடம், ரிப்பேருக்கு வந்த மோட்டார் என்று தணிகாசலம் சொன்னதால், பிறருடைய பொருளைப் பொறுப்பேற்று வைத்திருப்பதற்கும் சேர்த்து ஒரு வரி போட்டேன். ஊழியர் திருட்டுக்கான பாலிசியும் வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா மேலயா என்றார். சரி, வேண்டாம் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. திங்கள் காலை அவரே ஷட்டரைத் திறந்திருக்கிறார். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே ஒன்பது மோட்டார் குடலை உருவிய மாதிரி கிடந்தது. உளியால் வெட்டிக் கம்பியை எல்லாம் இழுத்து எடுத்துவிட்டார்கள். புதுக் கம்பி உருளைகளும் இல்லை. ஒன்பதில் ஏழு விவசாயிகளுடையது.

இழப்பை மதிப்பிடும் எங்கள் சர்வேயர் அன்று மதியமே போனார். நல்ல மனிதர்தான். அன்று அவருக்கு வேறு ஐந்து இடம் இருந்தது, முட்டி வலி வேறு. ஷட்டரில் கீறல் இல்லை, பூட்டு சாவியால் திறக்கிறது, சுவரில் ஓட்டை இல்லை, தகர ஷீட் கூரையில் வெளிச்சம் தெரியவில்லை. ஆகவே மாற்றுச் சாவியால் திறந்து நடந்த திருட்டு, சாவி வைத்திருந்த ஊழியர் ஸ்டெல்லாமீது சந்தேகம், பாலிசியின்படி கிளெய்ம் கிடையாது என்று முதல் அறிக்கை கொடுத்தார். எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் தணிகாசலம் கிளைக்கு வந்தார். கூடவே அவர் மச்சான், மனைவியின் தம்பி. போலீஸ் ஸ்டேஷனில் நாலு பேரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் ஆள். தணிகாசலம் முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது. விவசாயிகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள், ஒருவர் கரும்புக்கு டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்துவிட்டு அந்த வாடகையையும் கேட்கிறார் என்றார். பேசினது பெரும்பாலும் மச்சான்தான். முதலில் கொடுத்த புகாரில் யார் பெயரும் இல்லை. ஸ்டெல்லா பெயரைப் போட்டு இன்னொரு புகார் எழுதி வைத்திருக்கிறோம். அவளை நன்றாக விசாரித்தால் கம்பி வெளியே வரும், வராவிட்டாலும் திருடன் யார் என்று தெரிந்துவிட்டதால் இன்ஷூரன்ஸ் சீக்கிரம் கொடுத்துவிடும் என்று எங்களுக்கே எங்கள் பாலிசியை விளக்கினார். காகிதம் தணிகாசலத்தின் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஊழியர் பெயரைப் போட்டால் இந்தப் பாலிசியில் ஒரு பைசா வராது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், கிளெய்முக்காகப் புகாரை மாற்றச் சொல்லிக் கொடுத்தவள் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் பெயர் போலீஸ் காகிதத்தில் ஏறிவிடும். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் வேதமூர்த்தி சாருக்குப் போன் செய்தேன். அவர் முழுதும் கேட்டார்.

“பாலிசியில என்ன இருக்குன்னு சொல்றது நம்ம வேலைம்மா. ஸ்டேஷன்ல என்ன சொல்லணும்னு சொல்றது நம்ம வேலை இல்ல. முதல் வேலையைச் செய்யுங்க” என்றார்.

வெளியே வந்து பாலிசியை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து தமிழில் படித்தேன். மச்சான் நடுவில் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊழியர் செய்த, அல்லது ஊழியர் உடந்தையாக இருந்த திருட்டு இதில் சேராது என்ற வரி வந்ததும் மற்ற வரிகளைப் போலவே படித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். தணிகாசலம் கையை உயர்த்தி நிறுத்தினார். அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

மச்சான் உடனே, அப்படியென்றால் பெயரைப் போடவேண்டாம் என்று தணிகாசலத்தின் பையிலிருந்து காகிதத்தை எடுக்கக் கை நீட்டினார். தணிகாசலம் அந்தக் கையைத் தள்ளினார்.

“பணம் வரும்னா அவ திருடி, வராதுன்னா அவ நல்லவளா? இன்னாடா பேச்சு இது” என்றார். என் பக்கம் திரும்பி, “எனக்கே தெரியல மேடம். பூட்டு ஒடையல. சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் கீது. நான் எடுக்கல. அப்ப யாரு?” என்றார்.

நான் மறுபடி வந்து பட்டறையைப் பார்க்கிறேன், அதுவரைக்கும் என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம் என்று மட்டும் சொன்னேன். காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அதற்குக் காரணம் மூன்று பத்திதான். சர்வேயர் அறிக்கையை இரவு எடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தேன். பார்த்தது இருந்தது. நினைத்தது நிறையவே இருந்தது. கேட்டது என்ற பத்தியில் தணிகாசலம் சொன்னதும் மச்சான் சொன்னதும் இருந்தன. ஸ்டெல்லா சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

வாசலில் உட்கார்ந்து ஒரு மின்விசிறிக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பட்டறையில் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். புகாரில் பெயர் இல்லாவிட்டாலும், சாவி வைத்திருந்தவர் என்று கூப்பிட்டதால் இரண்டு நாளாகக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் திரும்பியிருக்கிறார். அடிக்கவில்லை. ஆனால் போகிற வருகிற எல்லாரும் பார்க்கிற பெஞ்சு. அன்று மட்டும் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். நான் யார் என்று சொன்னேன். கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

“இன்னா மேடம், நீங்களும் சாவியா?” என்றார்.

சாவி வேண்டாம்மா, திங்கட்கிழமை காலையில நீங்க பட்டறைக்கு வந்ததும் மொதல்ல என்ன செஞ்சீங்க, அத மட்டும் சொல்லுங்க என்றேன்.

கம்பியை இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். பிறகு சொன்னார். தணிகாசலம் ஷட்டரைத் திறந்துவிட்டு மோட்டார்களைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவர் பின்னாலேயே வந்தவர், என்ன செய்வது என்று தெரியாமல், தினமும் செய்கிற மாதிரியே கூட்டிப் பெருக்க ஆரம்பித்திருக்கிறார். வார்னிஷ் அடிக்கும் மேசைமேல் தன்னுடைய ஸ்டூல் இருந்தது. எடுத்துக் கீழே போட்டுவிட்டு மேசையைத் துடைத்திருக்கிறார்.

ஸ்டூல் தினமும் மேசைமேல்தான் இருக்குமா என்று கேட்டேன்.

“அது எதுக்கு மேல இருக்கப்போது? நான் கீழதான் போட்டுட்டு வருவன். ஒக்கார்ற ஸ்டூலு.” கம்பியைக் கீழே வைத்துவிட்டார். “அத நான் எடுத்துத் தொடச்சிட்டன் மேடம். தொட்டது தப்புன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது. சொன்னா அதுக்கும் சேத்து புடிச்சிக்குவாங்கன்னு சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல.”

நான் அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ரோட்டு வளைவில் டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் என் தோளைப் பிடித்த பிடி இறுகியது. தணிகாசலம் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

வார்னிஷ் மேசைக்கு நேர் மேலே பார்த்தேன். கூரைத் தகரம் தெரியவில்லை. வெயிலுக்காகக் கூரைக்கு அடியில் பழைய விளம்பர பிளக்ஸ் பேனர்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எந்தத் தேர்தலிலோ தோற்ற ஒருவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். சர்வேயர் கூரையில் வெளிச்சம் தெரியவில்லை என்று எழுதியது பொய் இல்லை. அவர் பார்த்தது கூரையே இல்லை.

அந்தப் பக்கம் மட்டும் பிளக்ஸின் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. தணிகாசலத்தை மேசைமேல் ஏறி அதை முழுதாக இறக்கச் சொன்னேன். இறக்கினார். துருப்பிடித்துச் சிவந்திருந்த தகரத்தில் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று நாலைந்து குத்து. கடப்பாரை முனை அளவு. கீழேயிருந்து மேலே குத்திய குத்து.

எனக்கு அது போதவில்லை. பக்கத்து வீடு மாடி வீடு. அந்த வீட்டம்மாவிடம் கேட்டு மாடிக்குப் போனேன். ஸ்டெல்லாவும் வந்தார். காய்ந்துகொண்டிருந்த துணிகளை விலக்கிப் பார்த்தால் பட்டறைக் கூரை காலடியில் தெரிந்தது. தகர ஷீட்டைக் கீழே உள்ள இரும்புப் பைப்போடு கொக்கி போல்ட் போட்டு, மேல் பக்கத்தில் தார் வாஷர் வைத்து நட்டால் முறுக்கியிருப்பார்கள். மேலேயிருந்து பிரிக்கிறவன் நட்டைத்தான் கழற்றுவான். இங்கே மூலையில் இருந்த நாலு நட்டும் துருவோடு அப்படியே இருந்தன. ஷீட்தான் வாஷரைத் தாண்டிக் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரமெல்லாம் வானத்தைப் பார்த்து மடங்கியிருந்தது. காற்றில் அடிக்காமல் இருக்க ஷீட்டை அமுக்கி, மேலே இரண்டு செங்கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்பக்கம் காலி மனை. உள்ளே இருந்தவன் முட்டித் திறந்துகொண்டு அந்த வழியாகத்தான் போயிருக்கிறான்.

ஸ்டெல்லா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சாவி இருக்கிறவ இப்பிடியா போவா” என்றார். என்னிடம் சொல்லவில்லை. அங்கிருந்தே கீழே குனிந்து, பட்டறை வாசலில் நின்ற தணிகாசலத்தை, “மேஸ்திரி, மேல வந்து பாருங்க” என்று கூப்பிட்டார்.

அவர் வந்தார். பார்த்தார். பையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். ஸ்டெல்லா படியிறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

கோட்ட அலுவலகத்தில் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. உடைத்துக்கொண்டு வெளியே போனான் சரி, உள்ளே உடைத்துக்கொண்டு வரவில்லையே, அது எப்படி கிளெய்ம் ஆகும் என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார். வேதமூர்த்தி சார் பாலிசியை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். பலவந்தமாக உள்ளே நுழைதல், அல்லது வெளியேறுதல். ‘அல்லது’ என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, இந்தச் சொல்லுக்கும் சேர்த்துத்தான் தணிகாசலம் பிரீமியம் கட்டியிருக்கிறார் என்றார். சர்வேயரும் மறுபடி வந்து, முட்டி வலியோடு அந்த மாடி ஏறிப் பார்த்து, முதல் அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். இதை அவர் செய்யாமல் தட்டிக்கழித்திருக்கலாம். செய்தார். விவசாயிகளுடைய ஏழு மோட்டாருக்கும் சேர்த்துக் கிளெய்ம் போனது. இரண்டு மாதம் கழித்து வேறொரு திருட்டில் பிடிபட்ட பழைய இரும்பு வியாபாரி ஒருவன் இதையும் ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் மோட்டார் விலை கேட்கிற மாதிரி வந்து, ஸ்டெல்லா கை கழுவ வெளியே போன நேரத்தில் பட்டறை ஓரத்தில் கிடந்த பழைய டீசல் என்ஜின்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உள்ளேயே இருந்து ஆற அமர வேலை பார்த்திருக்கிறான்.

ஆனால் ஸ்டெல்லா வேலைக்கு வரவில்லை. தணிகாசலம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளெய்ம் முடியும் கட்டத்தில் ஸ்டெல்லாவே எங்கள் கிளைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே, அந்த மொதல் பேப்பர்ல என் பேரு இருக்குதா என்று கேட்டார். சர்வேயரின் முதல் அறிக்கையில் இருக்கிறது என்றேன். அதை எடுத்துவிடுவீர்களா என்றார். கோப்பிலிருந்து எந்தக் காகிதத்தையும் எடுக்கமுடியாது என்று உண்மையைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

சாரிடம் சொன்னேன். எடுக்க முடியாது, சேர்க்க முடியும் என்றார். கிளெய்ம் முடிவைச் சொல்லித் தணிகாசலத்துக்கு எழுதும் கடிதத்தைத் தமிழில் எழுதச் சொன்னார். அவர் மேசையில் இருந்து தமிழில் போன முதல் கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவரே வாசகம் சொன்னார்: ‘தங்கள் நிறுவன ஊழியர் திருமதி ஸ்டெல்லாவுக்கு இந்தத் திருட்டில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும், அவர் அளித்த தகவலே உண்மையை அறிய உதவியது என்பதும் எங்கள் ஆய்வில் தெரியவந்தது.’ இது மூன்றாவது பத்தியா சார் என்று கேட்டேன். முதல் பத்திம்மா, நீங்க பார்த்ததுதானே என்றார்.

கடிதத்தைத் தணிகாசலத்திடம் கொடுத்தபோது படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டெல்லா வீட்டுக்குப் போனதாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா கிளைக்கு வந்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கடிதத்தை நாலு ஜெராக்ஸ் எடுத்திருந்ததாகச் சொன்னார். ஒன்று ஸ்டேஷனில் ரைட்டரிடம் கொடுத்தாயிற்று. ஒன்று மாதா கோயில் ஃபாதரிடம். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் எல்லாருக்கும் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று டீக்கடைக்காரரிடம் கொடுத்து, சுவரில் ஒட்டச் சொல்லி, அவர் ஒட்டும்வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நாலாவது யாருக்கு என்று கேட்டேன்.

“மேஸ்திரி மச்சானுக்கு. வூட்டுக்கே போய்க் குடுத்தன்” என்று கவரிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். “அவருகிட்ட மட்டும் வாங்கிக்கினேன்னு கையெழுத்து வாங்கிக்கினு வந்தன் மேடம். நீங்கள்லாம் அப்பிடித்தான செய்வீங்க.”

தேதி போட்டு, பெயர் எழுதி, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார் அந்த மனிதர். நான் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பத்திரமாக மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு, மோட்டார் நாலு வந்து கிடக்குதாம், நேரமாவுது என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா பட்டறைக்குப் போனார்.